கன்ட்ரோல் ரூமில் வீடியோ வால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறைகளில் வீடியோ வால் பொருத்துவதுதான் என் பிழைப்பு. எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரோ பெரிய துணை மின் நிலையமோ, எங்கே போனாலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான். டெண்டர் எழுதும் பொறியாளர் கேட்பார், ஷிப்டில் உட்காருகிறவர் கேட்பார், டீ கொண்டுவரும் அண்ணன்கூட நின்று பார்த்துவிட்டு ஒன்று கேட்பார். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மேலே ஒருமுறை சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

“வீடியோ வால்னா பெரிய டிவிதானே சார்?”

பார்க்க அப்படித்தான் இருக்கும். (“தலை எங்கே சார், வால் மட்டும் இருக்கே?” என்று கேட்டவரும் உண்டு.) பல திரைகளை இடுக்குத் தெரியாமல் அடுக்கி, கன்ட்ரோலர் என்கிற கணினி ஒன்று அவை அனைத்தையும் ஒரே திரையாக ஓட்டுவதுதான் வீடியோ வால். கிரிட் (மின்கட்டமைப்பு) வரைபடம் ஒரு பக்கம், காற்றாலை உற்பத்தி ஒரு பக்கம், வானிலை ராடார் ஒரு மூலையில் என்று எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இழுத்துப் பெரிதாக்கலாம்.

டிவியோடு பெரிய வித்தியாசம் ஓடும் நேரத்தில் இருக்கிறது. வீட்டு டிவி ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடும். இது தீபாவளி, பொங்கல் எதுவும் பார்க்காமல் வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடும். இந்த 8,760-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

“ஒவ்வொருத்தர் மேசையிலும் நாலு மானிட்டர் இருக்கே, அப்புறம் சுவர் எதுக்கு?”

நியாயமான கேள்வி. மேசை மானிட்டரில் அவரவருக்கு வேண்டியதை அவரவர் திறந்து வைத்திருப்பார்கள். சாதாரண நாளில் அது போதும். மூன்று லைன் அடுத்தடுத்து டிரிப் ஆகி (தானாகத் துண்டித்துக்கொண்டு), நான்கு தொலைபேசி ஒன்றாக அடிக்கும்போதுதான் சிக்கல். “உங்க ஸ்கிரீன்ல என்ன தெரியுது?” என்று ஒருவரை ஒருவர் கேட்க நேரமிருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்ப்பதற்காகத்தான் சுவர். தலையை நிமிர்த்தினால் நிலைமை தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹையோவில் ஒரு கன்ட்ரோல் ரூமில் அன்று மதியமே அலாரம் மென்பொருள் செத்துவிட்டது. அளவீடுகள் திரைக்கு வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் மணி அடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. அமெரிக்க-கனடா கூட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை போகிற போக்கில் ஒன்றைக் குறிப்பிட்டது: மற்ற பல கன்ட்ரோல் ரூம்களில் இருப்பதைப்போல, முக்கியமான லைன்களைக் காட்டும் சுவர் வரைபடம் அங்கே இல்லை, இருந்திருந்தால் எந்த லைன் போனது என்று கண்ணில் பட்டிருக்கலாம். வீடியோ வால் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

“பழைய மிமிக் போர்டு நல்லாத்தானே இருக்கு? அதையே வெச்சுக்கலாமே?”

சின்னச் சின்னச் சதுர ஓடுகளை அடுக்கி, கோடுகள் வரைந்து, லைனை இணைத்துத் துண்டிக்கும் பிரேக்கருக்கு ஒரு விளக்கு வைத்த பலகைதான் மிமிக் போர்டு. அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. முப்பது வருடம் பார்த்துப் பழகிய கண், ஓரத்தில் ஒரு விளக்கு மாறினாலும் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் புதிதாக ஒரு துணை மின் நிலையம் வந்தால் ஓடுகளைப் பிரித்து, வயர் இழுத்து, ஆள் வைத்து மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 110, 230, 400 கே.வி. (கிலோவோல்ட்) என்று இருந்த வரைபடத்தில் இப்போது 765-ம் வந்துவிட்டது, புகளூருக்கு ராய்கரிலிருந்து 800 கே.வி. நேர்மின் (டி.சி.) லைனும் வந்துவிட்டது. காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வளைகோடுகள். அதை ஓட்டிலும் விளக்கிலும் காட்ட முடியாது. இடம் இருந்தால் பழைய போர்டை ஒரு வருடம் பக்கத்திலேயே விட்டுவையுங்கள் என்பேன். பெரும்பாலும் இடம் இருக்காது.

“கியூபா, எல்சிடியா, எல்இடியா? எதை வாங்கறது?”

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கியூப் என்பது பின்னாலிருந்து படம் வீசும் பெட்டி. பழைய கியூப்களில் விளக்கு இருந்தது. ஆறாயிரம் மணி நேர விளக்கு, மேலே சொன்ன 8,760 கணக்கில் ஒரு வருடம்கூடத் தாங்காது. இப்போது எல்இடி அல்லது லேசர் ஒளிமூலம். 60,000 மணி நேரம் என்று போட்டிருந்தால் ஏறக்குறைய ஏழு வருடம். அந்தக் கணக்கும் பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்குமானது, அணைந்து போவது வரைக்கும் அல்ல.

எல்சிடி பேனல் விலை குறைவு, இடமும் அடைக்காது. இரண்டு குறை. ஒன்று, பேனலுக்குப் பேனல் நடுவில் ஓரச்சட்டம். 3.5 மி.மீ., 1.8 மி.மீ., 0.88 மி.மீ. என்று மெலிந்துகொண்டே வந்தாலும் கோடு கோடுதான். லைன் மீது எழுதிய மெகாவாட் எண் சரியாக அந்தக் கோட்டில் விழுந்தால் 180-ஆ 130-ஆ என்று குழப்பம் வரும். இரண்டாவது குறை இன்னும் மோசம். அசையாத படம் மாதக்கணக்கில் நின்றால் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். ஓர் இடத்தில் பழுது பார்க்கப் போயிருந்தேன். இன்புட்டைக் கழற்றி முழுக் கறுப்பாக்கினேன். கறுப்பில் சாம்பல் நிறத்தில் “230 கே.வி. பஸ்” (லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தி) என்று தெளிவாக வாசிக்க முடிந்தது. பேய் பார்த்த மாதிரி இருந்தது. கிரிட் வரைபடம் நாள் முழுக்க அசையாமல் நிற்கும் படம் என்பதால் இது இந்தத் தொழிலுக்கே உரிய தொல்லை.

அடுத்தது எல்இடி சுவர். இடுக்கே தெரியாது, பிரகாசம் அதிகம், இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். வாங்குமுன் பிக்சல் இடைவெளியைப் பாருங்கள். 70 அங்குல முழு எச்டி கியூபில் ஒரு பிக்சல் சுமார் 0.8 மி.மீ. அப்படி 6 நெடுவரிசை, 3 வரிசை கட்டினால் 9.3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம், ஏறக்குறைய 3.7 கோடி பிக்சல். அதே அளவுச் சுவரை 1.2 மி.மீ. எல்இடியில் கட்டினால் 1.7 கோடிகூட வராது. பாதிக்கும் குறைவு. கிரிக்கெட் மேட்ச் இதில் பிரமாதமாக இருக்கும், மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளாகக் காட்டும் சிங்கிள் லைன் டயக்ராமின் சின்ன எழுத்துகள் இருக்காது. எல்இடி வேண்டும் என்றால் 0.9-க்குக் கீழே போங்கள், அதற்குப் பணம் இல்லையென்றால் கியூபுக்குப் போங்கள். இது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

“எத்தனை அங்குலம், எத்தனை வரிசை சொல்லுங்க, டெண்டர்ல போட்டுடறேன்.”

முதலில் நாற்காலியை வையுங்கள், சுவர் அப்புறம். கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் போட்டு அளந்து, அதை 200-ஆல் வகுத்தால் எழுத்தின் குறைந்தபட்ச உயரம் வரும். ஆறு மீட்டர் என்றால் 30 மி.மீ. 0.8 மி.மீ. பிக்சலில் அது 37 பிக்சல் உயர எழுத்து. அந்த அளவு எழுத்தில் உங்கள் வரைபடம் எத்தனை பிக்சலில் அடங்குகிறதோ அதுதான் சுவரின் அளவு. இந்தக் கணக்கைப் போடாமல் பக்கத்து மாநிலத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிய டெண்டர்கள் நிறைய.

உயரத்திலும் ஒரு கணக்கு உண்டு. உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர், அவர் சுவரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறார் என்று வையுங்கள். நடுவில் நான்கு மீட்டரில் முன்வரிசை மானிட்டர்களின் தலை 1.3 மீட்டர். அவர் கண்ணிலிருந்து அந்தத் தலைக்கு மேலாக ஒரு நூல் பிடித்தால் அது சுவரைத் தொடுவது 1.4 மீட்டரில். அதற்குக் கீழே நீங்கள் எது காட்டினாலும் பின்வரிசைக்குத் தெரியாது. கீழ் விளிம்பை மேலே தூக்குங்கள், அல்லது பின்வரிசைக்கு மேடை போடுங்கள்.

“சுவர்ல என்னென்ன காட்டணும்?”

வாங்கிய பிறகு கேட்கிறார்கள். வாங்குமுன் கேட்க வேண்டியது. மாநில லோடு டெஸ்பாட்ச் அறை என்றால் என் வரிசை இப்படி இருக்கும்: அதிர்வெண் (ஃப்ரீக்வென்சி), மாநிலத்தின் மொத்தத் தேவை, மத்தியத் தொகுப்பிலிருந்து எடுக்க ஒப்புக்கொண்ட அளவும் இப்போது எடுக்கும் அளவும், காற்றாலையும் சூரியமும் முன்கணிப்பும், மாநிலங்களுக்கு இடையிலான லைன்கள், 400 கே.வி.க்கு மேற்பட்ட வலைப்பின்னல். 110 கே.வி. ஃபீடர் எல்லாம் மேசையிலேயே இருக்கட்டும். அலாரப் பட்டியலைச் சுவரில் போடாதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்தை யாரும் வாசிப்பதில்லை, கண்தான் வலிக்கும்.

பின்னணி கறுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ இருக்கட்டும். நலமாக இருப்பதெல்லாம் மங்கல் நிறத்தில், கெட்டுப்போனது மட்டும் பளிச்சென்று. எல்லாவற்றுக்கும் பச்சை, சிவப்பு, மஞ்சள் பூசினால் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஆகிவிடும், எது புதிதாக மாறியது என்று தெரியாது.

“ஃப்ரீக்வென்சி ஒரே ஒரு நம்பர். அதுக்கு ஏன் சார் அவ்வளவு பெரிய இடம்?”

உற்பத்தி குறைந்தால் சரியும், தேவை குறைந்தால் ஏறும் அந்த ஒரு எண்தான் நாடு முழுவதுக்குமான நாடித்துடிப்பு. 2012 ஜூலை 30, 31-இல் வடக்கே இருட்டானபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தென்மண்டலம் அப்போது நேர்மின் இணைப்புகளால் மட்டுமே மற்றவற்றோடு சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக ஒன்றாகிவிட்டோம். அதிலிருந்து குஜராத்தில் ஒரு பெரிய அனல்மின் அலகு டிரிப் ஆனாலும் சென்னைச் சுவரில் எண் சரியும். இருக்க வேண்டிய எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். இரண்டாவது தசமத்தைக் கடைசி வரிசையிலிருந்து கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிய வேண்டும்.

எண்ணின் பக்கத்தில் கடைசி அரை மணி நேரத்தின் வளைகோட்டையும் போடுங்கள். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது நாட்டின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. எங்கேயிருந்து எங்கே, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அந்த மாதிரி நேரத்தில் வளைகோடுதான் சொல்லும், தனி எண் சொல்லாது.

“பின்னாடி எவ்வளவு இடம் விடணும்?”

பின்பக்கம் திறக்கும் கியூப் என்றால் அதன் ஆழம் போக, ஓர் ஆள் பெட்டியோடு குனிந்து நிமிர ஒரு மீட்டர். முன்பக்கம் திறக்கும் மாடல்களும் எல்இடியும் சுவரை ஒட்டி நிற்கும். ஆனாலும் கேபிள் இழுக்கக் கை நுழையும் இடைவெளி வேண்டும்.

ஃபால்ஸ் ஃப்ளோர் (கேபிள் போக உயர்த்திப் போட்ட ஓட்டுத் தரை) மேலே ஸ்டாண்டை நிறுத்தாதீர்கள். ஓட்டைத் தூக்கிவிட்டுக் கீழே கான்கிரீட்டில் போல்ட் போடுங்கள். ஓடு ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் மேலே மூன்றாவது வரிசையில் இடுக்கு விரிந்து நிற்கும்.

“ஏசியும் யுபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருக்கே, போதாதா?”

கூட்டிப் பாருங்கள். கியூப் ஒன்றுக்கு மாடலைப் பொறுத்து 100 முதல் 250 வாட். சராசரி 200 என்று வைத்தால் 18 கியூபுக்கு 3.6 கிலோவாட், கன்ட்ரோலர் தனி. அத்தனையும் சூடாக மாறி அறைக்குள்ளேயே இருக்கும். கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி அதற்கு மட்டுமே போய்விடும். ஏசிக் காற்று நேராகத் திரைமேல் அடிக்கவும் கூடாது. கியூபின் திரை பிளாஸ்டிக் வகை, வெப்பத்திலும் ஈரத்திலும் நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் இடுக்கில் மயிரிழை விடுகிறோம். “இடைவெளி தெரியுது, ஒட்டித் தள்ளுங்க” என்று சிலர் நிற்பார்கள். தள்ளினால் மழைக்காலத்தில் விளிம்பு உப்பி வெளியே வந்துவிடும்.

யுபிஎஸ் இரண்டு இருந்தால், ஒரு வரிசையை ஒன்றிலும் அடுத்ததை மற்றதிலும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்று போனால் பாதிச் சுவராவது எரியும்.

“ஸ்காடா நெட்வொர்க்லயே கன்ட்ரோலரைச் செருகிடலாமா? நியூஸ் சேனலும் அதுலயே வரட்டுமே?”

ஸ்காடா என்பது தூரத்து நிலையங்களின் அளவீடுகளை வாங்கி, அங்கே உள்ளதை இங்கிருந்தே இயக்கவும் உதவும் கணினி அமைப்பு. முதல் பாதிக்கு: கவனமாக, ஆம். இரண்டாம் பாதிக்கு: கூடவே கூடாது. ஒரு பக்கம் ஸ்காடாவையும் மறுபக்கம் இணையத்தையும் தொடுகிற ஒரே கணினி, வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்து இரண்டையும் திறந்து போட்ட மாதிரி. மத்திய மின்சார ஆணையம் 2021-இல் வெளியிட்ட சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் இயக்க நெட்வொர்க்கை இணையத்திலிருந்து பிரித்தே வைக்கச் சொல்கின்றன.

செய்தியும் வானிலையும் வேண்டும்தான். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ராடார் படத்தைப் பார்க்காமல் புயல் நாளில் யார் ஷிப்ட் ஓட்டுவார்கள்? அதைத் தனிக் கணினியில் திறந்து, அதன் எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கும் கன்ட்ரோலரின் கேப்சர் கார்டுக்குக் கொடுங்கள். கேபிளில் படம்தான் வரும், ஃபைல் வராது. அப்புறம், பொருத்துகிறவர்கள் நாங்கள் “ஏதாவதுன்னா ரிமோட்ல பார்த்துக்கறோம், ஒரு கனெக்ஷன் மட்டும் கொடுங்க” என்போம். கொடுக்காதீர்கள்.

“ரூம் 24 மணி நேரமும் ஓடுது. வேலையை நிறுத்தாம எப்படிச் சுவரை மாத்துவீங்க?”

இரண்டு வழி. பக்கத்து அறையிலோ மாற்று மையத்திலோ தற்காலிகமாக உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒன்று. பாதிப் பாதியாக மாற்றுவது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். பழைய சுவரின் இடது பாதியைக் கழற்றும்போது முக்கியமான படங்களை வலதில் நெருக்கி வைப்போம். புதுப் பாதி எரிந்ததும் படங்கள் அங்கே குடிபோகும்.

தொல்லை திரையில் இல்லை, தூசியில். டிரில் போட்டால் கான்கிரீட் தூள் பறந்து கியூபுக்குள் கண்ணாடியில் படியும், அப்புறம் வாழ்நாள் முழுக்க அங்கே ஒரு கரும்புள்ளி. அதனால் துளை போடும் வேலையை எல்லாம் பெட்டி வருமுன் முடித்துவிட வேண்டும். தரையிலிருந்து கூரை வரை தார்ப்பாய் கட்டி, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, வாக்குவம் பிடித்துக்கொண்டே துளை போடுவோம். மாலை உச்சத் தேவை நேரத்தில் சத்தம் போடும் வேலை கிடையாது. காற்றாலை சீசனில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களில் உள்ளே உட்காருகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

“ஆறு மாசத்துலயே ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு கலரா தெரியுதே, ஏமாத்திட்டீங்களா?”

இல்லை. ஒளிமூலங்கள் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. புதிய மாடல்களில் சென்சார் இருக்கும், மங்கியதற்கு ஏற்ப மற்றதை இறக்கித் தானே சமன்செய்யும். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அதுதான் காரணம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறச் சீரமைப்பு என்று எழுதியிருக்க வேண்டும். உதிரிக்கு ஓர் ஒளிமூலமும் ஒரு பவர் சப்ளையும் உங்கள் ஸ்டோரிலேயே இருக்கட்டும்.

“சுவர் மொத்தமா அணைஞ்சுட்டா கிரிட் நின்னுடுமா?”

நிற்காது. சுவர் பார்ப்பதற்கு மட்டும். ஸ்காடா சர்வர்களும் மேசை மானிட்டர்களும் தனியாக ஓடும், பிரேக்கரைத் திறந்து மூடுவதும் சுவர் வழியாக நடப்பதில்லை. ஒப்படைக்கும் நாளில் நான் கன்ட்ரோலரின் பிளக்கை எல்லோர் முன்னாலும் பிடுங்கிக் காட்டுவேன். முதல் தடவை பார்ப்பவர்கள் பதறுவார்கள். மறுபடி செருகி, பழைய படங்கள் அதே இடத்தில் தானாக வந்து நிற்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதச் சொல்வேன். அதைச் செய்து காட்டாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதைவிடப் பயப்பட வேண்டியது உறைந்த சுவர். அணைந்தால் எல்லோருக்கும் தெரியும். படம் நின்றுபோய் பத்து நிமிடத்துக்கு முந்தைய எண்களைக் காட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் விநாடி ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கட்டும், அது சுவர்க் கணினியின் நேரமாக இல்லாமல் தரவு வந்த நேரமாக இருக்கட்டும்.

“சப்-ஸ்டேஷன்ல போன் பண்ணா மீட்டர் 212ங்கறாங்க, சுவர்ல 205 காட்டுது. சுவர் தப்பா?”

சுவருக்கு எண்ணே தெரியாது, கொடுத்ததை வரையும். ஸ்காடா சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு நிலையத்தையும் கேட்டு வாங்கும். சின்ன மாற்றங்களை அனுப்ப வேண்டாம் என்று அங்கே ஒரு வரம்பும் வைத்திருப்பார்கள். ஏறி இறங்கும் சுமையில் ஏழு மெகாவாட் வித்தியாசம் இதனாலேயே வரலாம். ஒரே அளவு வித்தியாசம் நாள் முழுக்க நின்றால் அந்த நிலையத்தின் டிரான்ஸ்டியூசரையோ (அளவைச் சிக்னலாக மாற்றும் கருவி) சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதத்தையோ சோதிக்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 25 முறை அளவீடு அனுப்பும் பி.எம்.யூ. (பேஸர் மெஷர்மென்ட் யூனிட்) கருவியின் படத்தையும் அதே சுவரில் வைத்திருந்தால் அதுவும் ஸ்காடாவும் ஒருபோதும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. எந்தப் படம் எதிலிருந்து வருகிறது என்று மூலையில் எழுதி வைத்தால் இந்தத் தொலைபேசி பாதியாகக் குறையும்.

“ராத்திரி ஷிப்ட்ல வெளிச்சம் கண்ணைக் குத்துது. பாதியை அணைச்சு வெச்சுக்கலாமா?”

அணைக்க வேண்டாம், குறையுங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் நேர அட்டவணை இருக்கும். இரவு பத்து மணிக்கு 40 சதவீதத்துக்கு இறக்கி, காலை ஆறு மணிக்கு ஏற்றும்படி ஒருமுறை வைத்துவிட்டால் போதும். எல்இடி சுவராக இருந்தால் இது கட்டாயம். கூடவே சுவருக்கு முன்னால் கூரையில் இருக்கும் டியூப்லைட் வரிசைக்குத் தனி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். முக்கால்வாசி இடங்களில் கண்ணைக் குத்துவது சுவர் இல்லை, திரையில் பட்டுத் திரும்பும் அந்த டியூப்லைட்தான். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.